நம்பர் எங்க சார்? - ஒரு சீபியா சைக்கிள் படத்தைப் பற்றி

போன வருஷம் நானே எடுத்த ஒரு போட்டோவுக்கு நானே விமர்சனம் எழுதுறது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனா வேற வழியில்லை. அந்தப் படத்தைப் பாராட்டினவங்க நிறையப் பேர். குறை சொன்னவர் ஒரே ஒருத்தர், படத்துல இருக்கிறவர். அவர் சொன்னது ரெண்டே வாக்கியம். அந்த ரெண்டு வாக்கியமும் ஏன் சரின்னு புரிஞ்சுக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. அதுக்காகப் படிச்சது, கணக்குப் போட்டுப் பார்த்தது எல்லாத்தையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

படத்தில் இருப்பது

எங்க தெரு மேற்கு மாம்பலத்தில் இருக்கு. ஒரு காலத்தில் வரிசையா ஓட்டு வீடுகள் இருந்த தெரு. இப்போ மிச்சம் இருப்பது ஒண்ணே ஒண்ணு, ரெண்டு அடுக்குமாடிக்கு நடுவில் திண்ணையோட நிக்குது. அந்தத் திண்ணைக்கு முன்னால் ஒரு சாணை பிடிக்கிற சைக்கிள். அதன் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, கத்தியைக் கல்லில் வச்சிருக்கிற ஒருத்தர். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். பேரை இங்கே எழுதலை. நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் என்னை சார்னு கூப்பிடுவார். படம் முழுக்கப் பழுப்பு. ஓடு, திண்ணை, சைக்கிள், மனுஷன் எல்லாமே டீத்தூள் நிறம்.

இந்த சைக்கிளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பெருநகரங்களில் இப்போ ‘கஸ்டம் சைக்கிள்’னு ஒரு உலகம் இருக்கு. சட்டத்தை உங்க கால் நீளத்துக்கு அளந்து செய்வாங்க, பிரிட்டன்ல இருந்து புரூக்ஸ் தோல் சீட்டு வரும், கைப்பிடிக்குத் தோல் சுத்துவாங்க. அதெல்லாம் அழகுதான். ஆனா என் கண்ணுக்கு, நம்ம ஊர்ல உண்மையிலேயே ‘சொல்லிச் செஞ்ச’ சைக்கிள்னா அது இதுதான்.

அடிப்படை, சாதாரண உயரமான கறுப்பு சைக்கிள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துற மாதிரி கனமான இரும்பு ஸ்டாண்டு. பின்சக்கரத்தோட பக்கவாட்டில், போக்ஸ் கம்பிகளோட சேர்த்து முடுக்கின இன்னொரு சின்ன ரிம். அந்த ரிம்மிலிருந்து ஒரு பெல்ட் முன்னால் போய், பாரின் மேல் வெல்டிங் பண்ணின சட்டத்தில் இருக்கிற சின்னக் கப்பியைச் சுத்துது. கப்பி இருக்கிற அதே அச்சில் சாணைக்கல். ஸ்டாண்டு போட்டு, சீட்டில் உட்கார்ந்து மிதிச்சா சைக்கிள் நகராது, கல் சுத்தும்.

எனக்கு இதையெல்லாம் எண்ணாம இருக்க முடியாது. முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 சுத்து. பெல்ட் ஓடுற ரிம் குறுக்கே 40 செ.மீ., கப்பி 5 செ.மீ., அங்கே 8 மடங்கு. ஆக, ஒரு முழு மிதிக்குக் கல் 19 தடவைக்கு மேல் சுத்துது. நிமிஷத்துக்கு 60 மிதி போட்டா கல் 1,170 சுத்து. மிதிக்கிறதை நிறுத்தினாலும் ஃப்ரீவீல் இருக்கிறதால பின்சக்கரம் தன் வேகத்திலேயே ஓடிக்கிட்டிருக்கும், அதன் எடையே ஃப்ளைவீல் வேலையைப் பார்க்கும். கத்தியைத் திருப்பிப் பிடிக்கிற அந்த ரெண்டு நொடியில் கல் நிக்காது. இதை வரைபடம் போட்டு யாரும் வடிவமைக்கலை. ஒரு வெல்டிங் பட்டறையில் நின்னு, வாயால சொல்லி, செஞ்சு வாங்கினது. அவங்க அப்பா காலத்தில் தோளில் தூக்கிட்டுப் போற மரச்சட்டம்தானாம். அதைச் சைக்கிளுக்கு மாத்தினது இவர். அதாவது குடும்பத் தொழிலை நவீனமாக்கின மனுஷன் இவர்தான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால் தேவைப்படும்.

நான் செய்த வேலை

இப்போ வாக்குமூலம்.

அண்ணன் வழக்கமா நிக்கிற இடம் எதிர்ப்பக்கம், அடுக்குமாடி வாசல். அங்கே பின்னணியில் நாலு பைக், மஞ்சள் கவர் போட்ட ஒரு கார், டிஷ் ஆன்டெனா. “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன்”னு ஓட்டு வீட்டுக்கு முன்னால் வரச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து படத்தை கம்ப்யூட்டரில் போட்டதும் ரெண்டு விஷயம் கண்ணை உறுத்தியது. ஒண்ணு, ஹேண்டில்பாரில் தொங்கின கியூஆர் கோடு அட்டை. இன்னொண்ணு, கல்லுக்கு மேல் கம்பியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தண்ணி பாட்டில். ரெண்டையும் அழிச்சேன். பக்கத்தில் இருக்கிற பிக்சல்களை எடுத்து மேலே பூசுற வேலை, இருபது நிமிஷம். அப்புறம் நானே எழுதி வச்சிருந்த பத்து வரி பைத்தான் நிரலில் படத்தைக் கொடுத்தேன். சீபியா வந்தது. எனக்கே புல்லரிச்சது.

பொங்கல் சமயம் எங்க குடியிருப்பில் ஒரு சின்னக் கண்காட்சி. 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, கீழே ‘மறைந்து வரும் தொழில்’னு எழுதி மாட்டினேன். நல்ல பேர் கிடைச்சது. ரெண்டாவது மாடி மாமி ரொம்ப நேரம் பார்த்துட்டு, “இது நம்ம தெருவா? எந்த வருஷம் எடுத்தது? இவாள்லாம் இப்போ வர்றதே இல்லை, கத்தி மழுங்கினா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறோம்”னாங்க. அப்போ அதைப் பாராட்டா எடுத்துக்கிட்டேன். அண்ணன் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வர்றார். நிக்கிறது அந்த மாமியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

அடுத்த தடவை வந்தப்போ ஒரு பிரிண்டை அவர்கிட்ட கொடுத்தேன். கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பார்த்தார்.

“என்ன சார், செத்துப்போனவங்க படம் மாதிரி இருக்கு.”

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். படத்தைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய்ப் பார்த்துட்டு அடுத்த கேள்வி கேட்டார்.

“நம்பர் எங்க சார்?”

எந்த நம்பர்?

பாருக்குக் கீழே, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு தகரம் அடிச்சிருக்கார். பச்சை பெயின்ட். அதன் மேல் சிவப்பில் ‘சாணை’ன்னு எழுதி, கீழே கைபேசி எண். பெயின்டர்கிட்ட காசு கொடுத்து எழுதினது. நான் அழிச்சது கியூஆர் அட்டையையும் பாட்டிலையும்தான். தகரத்தைத் தொடவே இல்லை. ஆனா பிரிண்டில் தகரம் இருக்கு, எழுத்து இல்லை!

அன்னிக்கு ராத்திரி மூலப்படத்தைத் திறந்து பார்த்தேன். எழுத்து தெளிவா இருக்கு. சீபியா படத்தில் காணோம். ரெண்டுக்கும் நடுவில் இருப்பது என் பத்து வரி நிரல் மட்டும்தான்.

சீபியா ஃபில்டர்னா என்னன்னு நிரல் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மூணு எண்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொண்ணும் 0-லிருந்து 255-க்குள். உலாவிகளுக்கான நிர்ணயத்தில் இருக்கிற சீபியா கணக்கைத்தான் நானும் பயன்படுத்தியிருந்தேன். புது சிவப்பு = பழைய சிவப்பில் 0.393 பங்கு + பச்சையில் 0.769 பங்கு + நீலத்தில் 0.189 பங்கு. புது பச்சைக்கு 0.349, 0.686, 0.168. புது நீலத்துக்கு 0.272, 0.534, 0.131.

இந்த ஒன்பது எண்ணை உத்துப் பாருங்க. முதல் வரியையும் ரெண்டாவது வரியையும் வகுத்தா எல்லா இடத்திலும் 1.12-க்குக் கிட்ட வருது. மூணாவது வரியும் இப்படியே. அதாவது மூணு வரியும் ஒரே வரிதான், வேற வேற அளவில். மூணு எண் உள்ளே போகுது. வெளியே வருவது, வெளிச்சம் எவ்வளவுங்கிற ஒரே எண். அதை மூணு நிலையான அளவால் பெருக்கிப் பழுப்பாகக் காட்டுறோம், அவ்வளவுதான். மிச்ச ரெண்டு எண்ணும் போயே போச்சு, திரும்ப எடுக்க வழியே இல்லை.

தகரத்தில் ஒரு புள்ளியையும் எழுத்தில் ஒரு புள்ளியையும் தொட்டுப் பார்த்தேன். எழுத்தின் சிவப்பு (200, 30, 30). தகரத்தின் பச்சை (30, 110, 60). கணக்கில் போட்டா:

சிவப்பு எழுத்து → (107, 95, 74)
பச்சைத் தகரம் → (108, 96, 75)

ஒவ்வொரு எண்ணிலும் வித்தியாசம் ஒண்ணு. எந்தக் கண்ணுக்கும் தெரியாது, எந்த பிரிண்டருக்கும் தெரியாது. அந்த மனுஷனின் தொழில் முகவரியை என் ஃபில்டர் சத்தமில்லாம விழுங்கியிருக்கு. கியூஆர் கோடை அழிச்சப்பவாவது எனக்குத் தெரிஞ்சு அழிச்சேன். இது எனக்கே தெரியாம நடந்தது. கண்காட்சிக்கு வந்தவங்களில் ஒருத்தர் அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டிருந்தாலும் அவருக்கு ஒரு வாடிக்கையாளர் கூடியிருப்பார்.

‘நிறம் போனா தகவல் போகத்தானே செய்யும், கறுப்பு வெள்ளைக்கும் இதே கதைதானே’ன்னு ஒரு நண்பர் கேட்டார். பாதி சரி. ஆனா கறுப்பு வெள்ளையை மதிச்சு எடுக்கிறவங்க, எந்த நிறம் வெளுப்பாகணும், எது கறுக்கணும்னு தாங்களே தீர்மானிப்பாங்க. லென்ஸுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் போட்டா சிவப்பு எழுத்து வெளுத்து, பச்சைத் தகரம் கறுத்து, நம்பர் பளிச்சுனு வந்திருக்கும். கணக்கில் செய்யறதா இருந்தா சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும்: 200-க்கு எதிரா 30. ஆக, நிறத்தை விட்டது தப்பில்லை. எதை விடுறோம்னு பார்க்காம விட்டதுதான் தப்பு.

பழுப்பு எங்கிருந்து வந்தது

சீபியாங்கிறது கணவாய் மீனின் கிரேக்கப் பேர். கணவாய் பீய்ச்சுற மையிலிருந்து எடுத்த பழுப்பு நிறத்தை ஐரோப்பிய ஓவியர்கள் கோட்டோவியத்துக்குப் பயன்படுத்தினாங்க. போட்டோவுக்கும் கணவாய்க்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை, நிறம் ஒத்துப்போனதால் வந்த பேர்.

பழைய போட்டோக்கள் பழுப்பா இருப்பதுக்கு ரெண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. நாம ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறோம்.

ஒண்ணு, 1850-ல் பிரான்ஸின் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்தின ஆல்புமின் தாள். முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசின தாளை வெள்ளி நைட்ரேட்டில் நனைச்சு, வெயிலில் வச்சு அச்செடுப்பாங்க. அதில் உருவாகிற வெள்ளித் துகள் ரொம்பச் சின்னது, அதனால் படம் இயல்பாகவே பழுப்பா வரும். தங்கக் கரைசலில் முக்கி நிறத்தைக் கொஞ்சம் ஊதாப் பக்கம் கொண்டு போவாங்க. வருஷம் போகப் போக வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். அந்த மஞ்சளை யாரும் விரும்பிச் சேர்க்கலை.

ரெண்டாவது, சல்பைடு டோனிங். கறுப்பு வெள்ளை அச்சை முதலில் ஒரு கரைசலில் வெளுக்க வச்சு, அப்புறம் சோடியம் சல்பைடில் போடுவாங்க. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறும், நிறம் பழுப்பாகும். வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகுது இல்லையா, அதுவும் இதே சேர்மம்தான். ஏற்கெனவே கந்தகத்தோட சேர்ந்துட்டதால், காத்தில் இருக்கிற மாசு இனிமேல் அதை ஒண்ணும் செய்யாது. அதாவது சீபியா டோனிங்கின் முக்கியமான பலனே, படம் நாளைக்கும் இருக்கும்ங்கிறது. எதிர்காலத்துக்குப் படத்தைப் பத்திரப்படுத்தின ரசாயனத்தை நாம ‘இது போன காலம்’னு சொல்ற முத்திரையாக்கிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. என் ஃபில்டர் பழைய படத்தை ஒழுங்காகப் போலி செய்யக்கூட இல்லை. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் சென்னை மாகாண அரசுக்காகத் தஞ்சாவூரையும் மதுரையையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே படமாக்கினவர் அவர். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம்தான் நல்லாத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையா விழும். ட்ரைப் நெகடிவில் கையாலேயே மேகம் வரைஞ்சிருக்கார். என் ஃபில்டரோ இன்னைய மனுஷக் கண்ணின் கணக்கில் வெளிச்சத்தை எடை போட்டுட்டு, மேலே பழுப்பைப் பூசுது. ட்ரைப்பின் பழுப்பு அவர் வேலையிலிருந்து பிறந்தது. என் பழுப்பு, படம் எடுத்து மூணு நாள் கழிச்சுப் போட்ட வேஷம்.

கடிகாரமும் கியூஆர் கோடும்

நான் அழிச்ச கியூஆர் அட்டைக்கு ஒரு முன்னோடி இருக்கு. இதைக் கண்டுபிடிச்சப்போ எனக்கு நிஜமாகவே வெட்கமா இருந்தது.

எட்வர்ட் கர்ட்டிஸ் அமெரிக்கப் பூர்வகுடிகளை முப்பது வருஷம் படம் எடுத்தவர். 1907-லிருந்து 1930 வரை 20 தொகுதிகளாக வந்த பெரிய வேலை அது. படங்களைப் பழுப்பு மையில் அச்சிட்டார். அதில் ‘பீகன் கூடாரத்தில்’னு 1910-ஆம் வருஷத்துப் படம் ஒண்ணு. கூடாரத்துக்குள் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. மூல நெகடிவில் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு அலாரம் கடிகாரம் இருக்கு. வெளியான படத்தில் கடிகாரம் இல்லை, அழிச்சுட்டாங்க. அவருடைய இன்னொரு பிரபலமான படத்தின் தலைப்பே ‘மறையும் இனம்’. நான் எழுதின ‘மறைந்து வரும் தொழில்’ ஞாபகம் வருதா?

கர்ட்டிஸுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். அவர் வெறும் படம் எடுக்கலை. மொழிகளையும் பாட்டுகளையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளே இன்னைக்கு அந்தப் படங்களைத் தேடிப் போய்த் தங்கள் தாத்தா பாட்டியைப் பார்க்கிறாங்க. வேலையின் மதிப்பு குறையலை. ஆனா கடிகாரத்தை அழிச்சது அழிச்சதுதான். கடிகாரம் வச்சிருந்த மனுஷன், படம் எடுக்கிறவர் வாழ்ந்த அதே வருஷத்தில் வாழ்ந்த மனுஷன். கடிகாரத்தை எடுத்துட்டா அவர் ஏதோ ஒரு காலத்துக்குப் போயிடறார். அங்கே அவருக்கு நிலமும் தேவைப்படாது, உரிமையும் தேவைப்படாது.

கியூஆர் கோடு விஷயத்தில் நான் செஞ்சதும் அதேதான். சின்ன அளவில், ஒரு தெருவில். படத்துல இருக்கிற மனுஷன் வாழ்வது என் காலத்தில். நான் பணம் அனுப்புற அதே வழியில் அவரும் பணம் வாங்குறார். அந்த அட்டையை எடுத்ததும், அவருக்குத் தேவையானது வாடிக்கையாளர் இல்லை, அஞ்சலின்னு படம் சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. மாமி கேட்ட ‘எந்த வருஷம்?’ங்கிற கேள்வி பாராட்டு இல்லை, படம் பொய் சொல்லுதுங்கிறதுக்கான சாட்சி.

பாட்டில் இன்னும் மோசம். அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக் கல் மேல் சொட்டுச் சொட்டாத் தண்ணி விழும். இரும்பு சூடாகாம இருக்கத்தான் அது. கார்பன் எஃகுக் கத்தியைச் சாணை பிடிக்கும்போது சூடு 200 டிகிரியைத் தாண்டினா முனையில் வைக்கோல் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் பழுப்பு, 300 டிகிரி பக்கம் வந்தா நீலம். நீலம் பாய்ஞ்ச இடம் கடினம் குறைஞ்சு, சீக்கிரமே மழுங்கிடும். அண்ணன் குனிஞ்சு பார்த்துக்கிட்டிருப்பது இதைத்தான். அவர் கவனம் முழுக்க ஒரு நிறத்தின் மேல், அது வந்துடக்கூடாதுங்கிறதில். என் படத்தில் மஞ்சள், பழுப்பு, நீலம் எல்லாமே ஒரே பழுப்பு. அதோட, நீலம் வராம தடுக்கிற கருவியையும் நான் அசிங்கம்னு எடுத்துட்டேன். பொறியியல் படிச்சவன் செய்யற வேலையா இது?

அப்போ சீபியாவே கூடாதா?

அப்படிச் சொல்ல வரலை.

கறுப்பு வெள்ளையில் எடுத்த தெரு சைக்கிள் படங்களில் எனக்கு ரொம்பப் பிடிச்சது கார்த்தியே-பிரெஸோன் 1932-ல் இயேர் நகரத்தில் எடுத்தது. மேலேயிருந்து பார்க்கிறோம், படிக்கட்டு வளைஞ்சு இறங்குது, கீழே தெருவில் ஒரு சைக்கிள்காரர் கலங்கலாகக் கடந்து போறார். நிறம் இல்லைதான். ஆனா கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் அந்தச் சைக்கிள் இப்போதான் போகுது. கறுப்பு வெள்ளை நம்மிடம் ‘வடிவத்தைப் பார்’னு சொல்லுது. சீபியா ‘இது முடிஞ்சு போச்சு’னு சொல்லுது. ரெண்டும் ஒரே கணக்கிலிருந்து வந்தாலும் சொல்ற சேதி வேற.

ரகுபீர் சிங் இதுக்கு நேர் எதிர்க் கோடியில் நின்னவர். அவர் காலத்தில் கறுப்பு வெள்ளைதான் கலைன்னு கருதப்பட்டது. அவர் கடைசி வரைக்கும் கலரில்தான் எடுத்தார். நிறத்தை விட்டுட்டு இந்திய வாழ்க்கையைப் பார்க்க முடியாது, கறுப்பு வெள்ளையின் சோகம் மேற்கின் சோகம்ங்கிறது 1998-ல் வந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ புத்தகத்தில் அவர் வைக்கிற வாதம். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. கலரும் பொய் சொல்லும். ‘வண்ணமயமான இந்தியா’ன்னு சுற்றுலா விளம்பரங்கள் செய்யறது சீபியா செய்யறதோட இன்னொரு பக்கம்தான், ரெண்டுமே மனுஷனை அலங்காரப் பொருளாக்குது. ஆனா அவர் படங்களில் சுவரொட்டி, கார், பிளாஸ்டிக் எல்லாம் அதது இருந்த இடத்தில் இருக்கும். கடிகாரத்தை அழிக்காதவர்.

கஸ்டம் சைக்கிள் வச்சிருக்கிற நண்பர்கள் தங்கள் வண்டியைப் பழைய சுவருக்கு முன்னால் நிறுத்தி சீபியாவில் போடறாங்க. அதில் எனக்குப் புகார் இல்லை. தன் புது சைக்கிளைத் தாத்தா சைக்கிள் மாதிரி காட்டிக்கிற விளையாட்டு அது. வண்டியின் சொந்தக்காரரும் படத்தின் சொந்தக்காரரும் ஒருத்தரே. நாளைக்குக் கலரில் போடலாம், விற்கணும்னா நம்பரோட போடலாம். சாணைக்கார அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. அவர் எந்தக் காலத்தில் வாழறார்ங்கிறதை அவரைக் கேக்காம நான் தீர்மானிச்சேன். தோளில் சுமந்த சட்டத்தைச் சக்கரத்துக்கு மாத்தி, ரொக்கத்தைக் கியூஆருக்கு மாத்தி, தொழிலை ஒவ்வொரு படியா முன்னால் நகர்த்தினவரை நான் பைத்தானில் ஒரு நூற்றாண்டு பின்னால் தள்ளினேன்.

ரெண்டாவது படம்

போன மாசம் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அவர் வழக்கமா நிக்கிற இடத்தில், அவர் உட்கார்ந்திருந்தபடியே. கலரில்.

உண்மையைச் சொன்னா, படம் சுமார்தான். மஞ்சள் கார் கவர் மனுஷனை விட முன்னால் வந்து நிக்குது. டிஷ் ஆன்டெனா தலைக்கு மேல் முளைச்ச மாதிரி இருக்கு. பாட்டில் சாயங்கால வெயிலில் பளபளன்னு கண்ணைக் குத்துது. சீபியா படத்தின் அமைதியில் கால்வாசி கூட இதில் இல்லை. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு எது அழகுன்னு கேட்டா நானே பழசைத்தான் காட்டுவேன். அதுதான் என்னைத் தொந்தரவு பண்ணுது. அழகு ஒரு பக்கமும் நியாயம் இன்னொரு பக்கமும் நிக்கிற இடத்தில், இத்தனை நாள் நான் யோசிக்காமலே அழகு பக்கம் போயிருக்கேன்.

ஆனா இந்தப் படத்தில் கல்லின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொறி பறக்குது. கத்தி முனை ஈரமா, வெள்ளையா இருக்கு, நீலம் இல்லை. பச்சைத் தகரத்தில் சிவப்பு எழுத்து, பத்து இலக்கமும் படிக்கிற மாதிரி இருக்கு.

பிரிண்டைக் கொடுத்தப்போ அண்ணன் முதலில் பார்த்தது அந்த நம்பரைத்தான். கடைசி இலக்கம் வரைக்கும் விரலை வச்சுப் படிச்சார். “இது சரி சார்”னார். முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

எங்க குடியிருப்பில் பழைய படத்தை இறக்கிட்டு இதை மாட்டியிருக்கேன். கீழே வாசகம் எதுவும் எழுதலை, ‘ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி’ன்னு மட்டும் போட்டிருக்கேன். யாரும் படத்தைப் பாராட்டலை. ரெண்டாவது மாடி மாமி மட்டும் போன வாரம் நிறுத்தி, “அவர் கத்திரிக்கோலும் பிடிப்பாரா?”ன்னு கேட்டாங்க. பிடிப்பார்னு சொன்னேன்.